புகைக்கு யன்னலைப் பூட்டினா வெக்கை, வெக்கைக்குத் திறந்தா புகை: அம்மா அப்பாவோட இருக்கிறவை என்ன செய்யிறியள்?

முருங்கையடி (ஸ்காபரோ)

வணக்கம் எல்லாருக்கும். மனிடோபா, வடமேல் ஒன்ராறியோப் பக்கத்துக் காட்டுத்தீப் புகை திரும்பவும் டொராண்டோவுக்கு இறங்கியிருக்கு. அதோட வெக்கை எச்சரிக்கையும் வந்திட்டுது. நாங்கள் பழைய கட்டடத்தில 11ஆம் மாடி, மேற்குப் பார்த்த வீடு, ஏசி இல்லை. பின்னேரம் மூண்டு மணிக்குப் பிறகு வெயில் நேர வந்து சோபாவில குந்தியிருக்கும். யன்னலைப் பூட்டினா உள்ளுக்கு 31, 32 பாகை. திறந்தா கருகின மணம், தொண்டை அரிப்பு.

அம்மாவுக்கு 74 வயது. பிரஷருக்கு மருந்து எடுக்கிறா, கொஞ்சம் இழுப்பும் இருக்கு. ஏதும் சொன்னா, "யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலைப் பாத்த எனக்கு இதென்ன வெயில்" எண்டு ஃபானையும் நிப்பாட்டிப் போடுறா. அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ. ரெண்டும் ஒண்டா வந்தா எதுக்கு முதலிடம் குடுக்கிறது?

பனங்காய்ப் பணியாரம் (மார்க்கம்)

மோலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. லைப்ரரி இன்னும் நல்லது. கதிரை, தமிழ்ப் புத்தகம், ஏசி மூண்டும் இலவசம். ஆனா "உங்களுக்கு வெக்கை, வாங்கோ" எண்டு கூப்பிட்டா எங்கட சனம் வரமாட்டினம். "எனக்குச் சாமான் வாங்கோணும், துணைக்கு வாங்கோ" எண்டு கேட்டுப் பாருங்கோ.

துவாரகாவாசி (தில்லி)

மன்னிக்கணும், படிச்சா சிரிப்பு வருது. நவம்பர்ல எங்க ஊர்ல ஏ.க்யூ.ஐ. (காத்து மாசுக் குறியீடு) 400 பக்கம் போனாதான் ஸ்கூலுக்கு லீவு விடலாமான்னே யோசிப்பாங்க. உங்க ஊருக்கு இப்ப செயலியில பார்த்தேன், 170 காட்டுது. எங்களுக்கு அது நல்ல நாள். அங்க போய் எல்லாரும் ரொம்ப நாசூக்காயிட்டீங்களோ?

கணக்கு வாத்தி (மிசிசாகா)

> எங்களுக்கு அது நல்ல நாள்

அளவுகோல் வேற, தம்பி. ஒரு கன மீற்றர் காத்தில 60 மைக்ரோகிராம் பி.எம் 2.5 (நுரையீரல் அடிவரை போற நுண்தூசு) இருந்தா இந்தியக் கணக்கில அது 100, "திருப்தி" எண்டு பச்சை நிறம். அதே 60 அமெரிக்கக் கணக்கில 150ஐத் தாண்டிச் சிவப்புக்குப் போயிடும். உலக சுகாதார நிறுவனம் 2021இல போட்ட ஒருநாள் வரம்போ 15தான். கனடாவில இது ரெண்டும் இல்லை, ஏ.க்யூ.எச்.ஐ. எண்டு தனிக் கணக்கு. அதில ஓசோன், நைதரசன் டைஒக்சைட் எல்லாம் சேரும். 7இல இருந்து ஆபத்து கூட, 10ஐத் தாண்டினா எவ்வளவு தாண்டினாலும் 10+ தான். எந்த நாட்டுச் செயலி எண்டு பாக்காமல் நம்பரை நம்பர் எண்டு ஒப்பிட்டா இப்பிடித்தான் சிரிப்பு வரும்.

தில்லிச் சனத்தின்ர நுரையீரல் 400க்குப் பழகிப் போச்சு எண்டு எந்த டாக்குத்தரும் சொன்னதாக் கேள்விப்படேல்ல.

துவாரகாவாசி (தில்லி)

சரி வாத்தியாரே, நம்பர் விஷயம் புரிஞ்சுது. ஒண்ணு மட்டும் எங்க ஊர் பாடமா எடுத்துக்கோங்க. வீடு முழுக்கச் சுத்தமா வெச்சிக்க முடியாது. ஒரு ரூம், நல்ல பியூரிஃபயர், கதவுக்கு அடியில துண்டு, அவ்வளவுதான். பெட்ரூமைக் காப்பாத்திட்டா எட்டு மணி நேரம் நுரையீரலுக்கு ஓய்வு கிடைக்கும். கார்ல போனா உள்காத்து பட்டனைப் போட்டுக்கோங்க.

கொங்குநாட்டு நர்ஸ் (சர்ரே, பி.சி.)

முருங்கையடி, உங்க கேள்விக்கு நேராவே பதில் சொல்லிடறேங்க. பெரும்பாலானவங்களுக்கு வெக்கைக்குத்தான் முதலிடம். இங்க பி.சி. (பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம்) நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்றதும் அதுதான். புகை கெடுதல்தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா வெக்கை சில மணி நேரத்துல ஆளைக் கொண்டு போயிடும்.

2021 ஜூன் கடைசி வாரம் நான் இங்க டியூட்டில இருந்தேன். லிட்டன்ங்கிற ஊர்ல 29ஆம் தேதி 49.6 டிகிரி. கனடாவுலயே இதுவரைக்கும் பதிவானதுல அதுதான் உச்சம். மறுநாள் அந்த ஊரே தீயில போயிடுச்சு. அந்தப் படத்தை எல்லாரும் பார்த்தாங்க. பார்க்காதது வேற ஒண்ணு. அந்த ஒரு வாரத்துல பி.சி.யில வெக்கையால மட்டும் 619 பேர் செத்தாங்கன்னு அப்புறம் மரண விசாரணை அலுவலகம் கணக்கு சொல்லுச்சு. அதுல நூத்துக்கு 98 பேர் செத்தது வீட்டுக்குள்ள. தெருவுல இல்ல, வயக்காட்டுல இல்ல. மூணுல ரெண்டு பங்கு 70 வயசு தாண்டினவங்க. பாதிக்கு மேல தனியா இருந்தவங்க. ஃபான் ஓடிட்டிருந்த வீடுகளும் அதுல உண்டு.

அதனால "நாங்க பார்க்காத வெயிலா"ன்னு சொல்ற பேச்சு எனக்குக் கொஞ்சம் பயம்ங்க. வெக்கைக்கு உடம்பு பழகறது நிஜம். ஆனா பழக ஓரிரண்டு வாரம் ஆகும், விட்டுட்டா சில வாரத்துல போயிடும். இருபது வருஷத்துக்கு முன்னாடி பழகினது இன்னிக்குக் கைகொடுக்காது. வயசானா வேர்வை குறையும், தாகமும் தெரியாது. முக்கியமா, ஊர்ல அம்மா இருந்தது ஓட்டு வீடு, திண்ணை, வேப்ப மரம், கிணத்துத் தண்ணி. இங்க இருக்கறது சூட்டை வெளிய விடாம இருக்கக் கட்டின வீடு. பகல்ல ஏறின சூடு ராத்திரியும் இறங்காது.

ஒரு சின்ன ரூம் தெர்மாமீட்டர் வாங்கி அம்மா படுக்கற இடத்துல வைங்க. 26 வரைக்கும் கவலை இல்ல. 26க்கு மேல போனா வயசானவங்களை, நோயாளிகளை கவனிக்க ஆரம்பிக்கணும். 31ஐத் தாண்டி அப்படியே நின்னா அந்த வீட்டுல அவங்களை வெச்சிருக்கக் கூடாது. நீங்க சொன்ன 32 அந்த வகையறா.

வன்னி மைந்தன் (ஏஜாக்ஸ்)

அக்கா, ஃபானுக்கு முன்னால ஐஸ் வாளி வைச்சாக் காணாதோ? எங்கட வீட்டில அப்பிடித்தான் செய்யிறம்.

கொங்குநாட்டு நர்ஸ் (சர்ரே, பி.சி.)

முகத்துக்குச் சில்லுன்னு இருக்கும், ரூம் சூடு குறையாது தம்பி. ரூமே 35ஐத் தாண்டிட்டா வயசானவங்களுக்கு ஃபானை மட்டும் நம்ப முடியாது, சுடுகாத்தை மேல அடிச்சிட்டிருக்கும். அதைவிட உடம்பை நனைங்க. பருத்திச் சட்டையை நனைச்சுப் பிழிஞ்சு போட்டுக்கிட்டு ஃபான் முன்னாடி உட்காரலாம். காலைப் பச்சத் தண்ணியில வைக்கலாம். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு குளியல்.

மருந்து விஷயம்: பிரஷருக்குக் குடுக்கற தண்ணி மாத்திரை (சிறுநீர் கூடப் போக வைக்கறது), சில மனநல மருந்து எல்லாம் வெக்கையில உடம்பு சமாளிக்கறதைக் குறைக்கும். நீங்களா நிறுத்தக் கூடாது. டாக்டரையோ ஃபார்மசிஸ்டையோ கூப்பிட்டுக் கேளுங்க. பேச்சு குழறுச்சுன்னா, இடம் பொருள் தெரியாமப் பேசினா, நடை தள்ளாடினா 911தான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் உடம்பை நனைச்சு விசிறுங்க, அக்குள்லயும் தொடை இடுக்குலயும் ஐஸ் வைங்க. மயக்கத்துல இருக்கறவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

இழுப்பு இருக்கறதால நீல நிற பஃபர் (மூச்சு முட்டினா உடனே இழுக்கறது) எங்க இருக்கு, காலாவதி ஆகலையான்னு இன்னிக்கே பார்த்திடுங்க. புகை நாள்ல தேடிட்டிருக்க முடியாது.

முருங்கையடி (ஸ்காபரோ)

வலு உபகாரம் அக்கா. தெர்மாமீட்டர் வாங்கி அம்மாவின்ர கட்டிலடியில வைச்சாச்சு. அது வேலை செய்யுது, நான் சொன்னாக் கேக்காதவ இப்ப தானே வாசிச்சுச் சொல்லுறா. "29 ஆகிட்டுது, அந்த ஃபானைப் போடு" எண்டு. மெஷின் சொன்னா நம்புவா போல.

கிள்ளான் வாசி (மலேசியா)

கனடாகாரங்க இப்பதான் பார்க்கிறீங்க, நாங்க 1997-லயிருந்து பார்க்கிறோம் லா. எங்களுக்கு இது ஜெரெபு, மலாய்ல புகைமூட்டம். சுமாத்ரா, கலிமந்தான்ல கரி மண் (மக்கின செடிகொடி சேர்ந்த மண்ணு) காடு எரியுது, காத்து இந்தப் பக்கம் திரும்பினா நம்ம தலையில. 1997-ல சரவாக்குல அவசரநிலை போட்டாங்க, அங்க கூச்சிங் நகரத்துல காத்து மாசு அளவு 800-ஐத் தாண்டிச்சு. 2013 ஜூன்ல மூவார்ல 746, அங்கயும் அவசரநிலை. அதே வாரம் சிங்கப்பூர்ல 401. நாங்களும் எப்பவும் வெக்கையும் புகையும் சேர்த்துத்தான் அனுபவிக்கிறோம், இங்க குளிர்காலம்னு ஒண்ணு ஏது?

அனுபவத்துல சொல்றேன். ஈரத் துணியை ஜன்னல்ல கட்டுறது, மூஞ்சில கைக்குட்டை, ரெண்டும் மனசுக்குத்தான் ஆறுதல். சாம்பல் தூள் நிக்கும், பி.எம் 2.5 நேரா உள்ள போயிடும். என்95 வேணும், மூக்குல நல்லா அழுத்தி. தாடி வெச்சிருக்கிறவங்களுக்கு ஓரத்துல காத்து பூந்துடும், அதுக்கு மாஸ்க் போட்டும் போடாத மாதிரிதான். கரி மண்ணு அடியிலயே கனன்னுகிட்டு இருக்கும், மேல அணைஞ்ச மாதிரி தெரியும். மழை வந்தாதான் முடியும்.

சிங்கப்பூர் 2014-ல புகைமூட்டத்துக்குன்னே ஒரு சட்டம் போட்டுச்சு, வெளிநாட்டுல காட்டை எரிக்கிற கம்பெனியையும் பிடிக்கலாம்னு. பிடிக்கிறது வேற கதை.

பொழுதுபட்டவன் (எட்மன்டன்)

கரி மண் கதை இங்கயும் உண்டு. அல்பர்ட்டா, பி.சி. வடக்கில தீ பனிக்குக் கீழ மாரி முழுக்கக் கனன்று கிடந்து வசந்தத்தில எழும்புது. 2023இல நாடு முழுக்க 1.5 கோடி ஹெக்டேருக்கு மேல எரிஞ்சுது, எங்கட இலங்கைத் தீவைப் போல ரெண்டு மடங்குக்கும் கூட. அந்த ஆவணியில யெலோநைஃப் நகரம் முழுக்க, கிட்டத்தட்ட 20,000 பேர், ஊரை விட்டு வெளிக்கிட்டவை.

ஒற்றைப் பனை (பிரம்டன்)

இதெல்லாம் ஆரோ கொளுத்தி விடுறது. காடு தானா எரியுமா?

பொழுதுபட்டவன் (எட்மன்டன்)

மனுசராலயும் பத்தும், இல்லையெண்டு சொல்லேல்ல. ஆனா கனடாவில எரியிற பரப்பில பெரும்பங்கு மின்னல் விழுந்து பத்தினது. 2023 ஜூன் முதலாந் திகதி கியூபெக்கில ஒரே மின்னல் புயலில நிறைய இடத்தில பத்தித்தான் நியூயோர்க் வானம் செம்மஞ்சளாப் போனது. காய்ஞ்ச காடு, மனுசர் இல்லாத இடம், ரோட்டே இல்லை. ஆர் போய்க் கொளுத்துறது?

மட்டுறுத்துநர்

தீ ஆர் வைச்சது எண்ட விவாதத்துக்கு வேற இழை இருக்கு. இங்க வீட்டுக்குள்ள என்ன செய்யலாம் எண்டது மட்டும்.

ஃபர்னஸ் மணியம் (பிரம்டன்)

நான் ஏசி, ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கிற மெஷின்) வேலை செய்யிறவன். இந்த ரெண்டு கிழமையா எனக்கு வாற கோல் எல்லாம் இதுதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

தனி வீடு எண்டா: தெர்மோஸ்டாட்டில ஃபான் "ஓட்டோ"வில கிடக்கும், அதை "ஓன்" ஆக்குங்கோ. அப்பதான் காத்து எந்த நேரமும் ஃபில்டருக்குள்ளால சுத்தும். மலிவு ஃபில்டர் முடியைத்தான் பிடிக்கும். மெர்வ் 13 போடுங்கோ (மெர்வ் எண்டது ஃபில்டர் எவ்வளவு நுண்தூசு பிடிக்கும் எண்ட அளவு). பழைய ஃபர்னஸ் எண்டா அது இழுக்கக் கஷ்டப்படும், ஒருக்கா ஆளைக் கூப்பிட்டுக் கேட்டுப் போடுங்கோ. வெளிக்காத்து இழுக்கிற எச்.ஆர்.வி. பெட்டி இருந்தா புகை நாளில நிப்பாட்டுங்கோ. பலருக்கு அப்பிடி ஒரு பெட்டி தங்கட பேஸ்மென்டில தொங்கிறதே தெரியாது.

முருங்கையடிக்கு, அதாவது அபார்ட்மென்ட் ஆக்களுக்கு: கடையில உருட்டிக்கொண்டு வாற போர்ட்டபிள் ஏசி வாங்கப் போறியள் எண்டா குழாயை எண்ணுங்கோ. ஒற்றைக் குழாய் மெஷின் உங்கட அறைக் காத்தை எடுத்துச் சூடாக்கி வெளிய தள்ளும். தள்ளின அளவு காத்து எங்கயாவது இருந்து உள்ள வரத்தானே வேணும்? யன்னல் இடுக்கு, கொரிடோர்க் கதவுக்குக் கீழ எல்லாத்துக்குள்ளாலயும் வெளிக்காத்து, புகையோட வரும். அறை குளிரும், மணமும் வரும். சனம் மெஷின் பழுது எண்டு திருப்பிக் குடுக்கினம். ரெட்டைக் குழாயிலயோ யன்னல் ஏசியிலயோ இந்தப் பிரச்சினை பெரிசா இல்லை. யன்னல் ஏசியில "வென்ட்" எண்டு ஒரு சின்னப் பிடி இருக்கும், அதை மூடி வைக்கோணும்.

ஒற்றைக் குழாய்தான் கைவசம் எண்டாலும் போடுங்கோ. நர்ஸ் அக்கா சொன்னதுபோல வெக்கை முதல். அதோட ஒரு ஃபில்டரும் அறைக்குள்ள ஓடவிட்டா வந்த புகையைப் பிடிக்கும். பியூரிஃபயருக்குக் காசு இல்லையெண்டா 20 அங்குல பொக்ஸ் ஃபானும் நாலு மெர்வ் 13 ஃபில்டரும் டேப்பும். நாலையும் சதுரமா நிப்பாட்டி, கீழ அட்டை, மேல ஃபான், ஓட்டையெல்லாம் டேப். கோர்சி-ரோசென்தால் பெட்டி எண்டு பேர், கொரோனா நேரம் 2020இல வந்தது. சத்தம் போடும், வடிவில்லை, ஆனா வேலை செய்யும். பழைய ஃபான் பாவிக்காதேங்கோ, 2012க்குப் பிறகு வந்ததா இருக்கோணும். ஆக்கள் முழிச்சிருக்கேக்க மட்டும் ஓட விடுங்கோ.

சமையற்கட்டு ராணி (ஸ்காபரோ)

புகை நாளில குசினி எக்ஸோஸ்ட் போடலாமா கூடாதா? ஒரு இடத்தில போடு எண்டினம், ஒரு இடத்தில போடாதே எண்டினம்.

ஃபர்னஸ் மணியம் (பிரம்டன்)

அது காத்தை வெளிய தள்ளினா அதே அளவு புகை உள்ள வரும். பொரியல் பொரிச்சா அடுப்புப் புகைக்காகப் போடத்தான் வேணும். அதால பொரிக்காம இருக்கிறதே வழி. பாத்ரூம் ஃபானுக்கும் இதே கதைதான்.

கணக்கு வாத்தி (மிசிசாகா)

எங்கட வீட்டில பி.எம் மீட்டர் ஒண்டு இருக்கு. வெளிய புகை, உள்ள எல்லாம் பூட்டிப் பியூரிஃபயர் ஓடி 12இல நிண்டுது. வெள்ளிக்கிழமை எண்டு மனுசி சாம்பிராணி போட்டா. 300ஐத் தாண்டிட்டுது. கதைக்கப் போனன், "வெளிப்புகைக்கு ஒரு சொல்லும் சொல்லாம சாமிப்புகைக்கு வாறியளோ" எண்டு கேட்டா. இப்ப விளக்கு மட்டும்.

பனங்காய்ப் பணியாரம் (மார்க்கம்)

> இப்ப விளக்கு மட்டும்

ஆர் வெண்டது எண்டு விளங்குது வாத்தி.

மொட்டைமாடி (சென்னை)

ஏசி, பியூரிஃபயர்னு பேசிட்டு இருக்கீங்க, கரன்ட் போனா என்ன பண்ணுவீங்க? எங்களுக்கு அதுதான் கத்திரி மாசத்துக் கவலை. சென்னையில 2003 மே 31-ல 45 டிகிரி போச்சு. ஆனா அதைவிட மோசம் 38 டிகிரியும் கடல் காத்து லேட்டா வர்ற புழுக்கமும். வேர்வை காயவே காயாது. ஏர் கூலர் வாங்கிட்டு ஏமாந்தவங்க இங்க நிறைய. வேலூர், மதுரை மாதிரி வறண்ட வெயிலுக்கு அது சரி, இங்க அறைக்குள்ள ஈரத்தைத்தான் கூட்டும். புகை நாள்ல நீங்களும் அதைத் தொடாதீங்க, வெளிக்காத்தைத்தான் அது இழுக்கும்.

நாங்க மேல் மாடி வாடகைக்கு. வீட்டுக்காரர்கிட்ட கேட்டு மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிச்சோம். சாயங்காலம் தளத்துல கை வெச்சா முன்னாடி சுடும், இப்ப வைக்க முடியுது. எதிர் வீட்டுல தென்னை ஓலை பரப்பித் தண்ணி தெளிக்கிறாங்க, தண்ணி இருக்கிற வருஷத்துக்கு அதுவும் நல்லாத்தான் இருக்கு.

2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது, செத்தா குடும்பத்துக்கு 4 லட்சம். நல்லதுதான். ஆனா வெக்கையாலதான் செத்தார்னு யார் எழுதிக் குடுப்பாங்க? கட்டட வேலையில மயங்கி விழுந்தவருக்கு மாரடைப்புன்னுதான் சீட்டு வரும். இங்க சாவு வெளிய வேலை பார்க்கிறவங்களுக்கு. நர்ஸம்மா சொல்ற 98 சதவீதம் வீட்டுக்குள்ளங்கறது எங்க ஊருக்குப் பொருந்தாதுன்னு நினைக்கிறேன்.

கொங்குநாட்டு நர்ஸ் (சர்ரே, பி.சி.)

பொருந்தாதுங்க, ஒத்துக்கறேன். ஊருக்கு ஊர் ஆள் மாறும். ஆனா சென்னையில தகர ஷீட் வீட்டுக்குள்ள மதியம் படுத்திருக்கற பாட்டியையும் யாராவது எண்ணணும்ல? வெளிய விழுந்தாத்தான் கண்ணுல படுது.

சான்றிதழ் பிரச்சினை இங்கயும் இருந்துச்சு. அந்த 619ஐ எண்ணினதே, செத்த வீட்டுல ரூம் சூடு எவ்வளவு, ஜன்னல் திறந்திருந்துச்சான்னு ஒவ்வொண்ணா விசாரிச்சதாலதான். மாரடைப்புன்னு எழுதி முடிச்சிருந்தா அந்த எண்ணே இருந்திருக்காது. அதுக்கு அப்புறம்தான் வசதி இல்லாத முதியவங்களுக்கு இலவசமா ஏசி குடுக்கற திட்டம் வந்துச்சு. புதுசாக் கட்டற வீட்டுல ஒரு அறையாவது 26ஐத் தாண்டாம வெச்சிருக்க வழி வேணும்னு கட்டட விதியிலயும் சேர்த்தாங்க.

வன்னி மைந்தன் (ஏஜாக்ஸ்)

டொராண்டோவில மாரிக்கு வீட்டுக்காரன் 21 பாகை தரோணும் எண்டு விதி இருக்கு. ஏசி குடுத்திருக்கிற கட்டடம் எண்டா கோடையில 26க்கு மேல விடக்கூடாது. முருங்கையடி, உங்கட ஒப்பந்தத்தில ஏசி பற்றி என்ன எழுதியிருக்கு?

முருங்கையடி (ஸ்காபரோ)

"யன்னலில ஒண்டும் பூட்டக்கூடாது, கீழ விழுந்தா ஆபத்து" எண்டு எழுதிக் கிடக்கு. ஒஃபீசில கேட்டா ரெட்டைக் குழாய் போர்ட்டபிள் எண்டா போடலாமாம், ஆனா கரண்டுக்கு மாதம் மேலதிகமாக் காசு. அவையின்ர பக்கத்தையும் சொல்லோணும், 11ஆம் மாடியில இருந்து ஏசி விழுந்தா ஆரிலயும் விழும். காசைக் கட்டுறம் எண்டு சொல்லிப்போட்டன். அம்மா வாற மாதம் பென்சனில பங்கு தாறாவாம்.

மணியம் அண்ணை, மெஷின் வரும்வரைக்கும் பொக்ஸ் ஃபான் செய்வம் எண்டு ஃபில்டர் வாங்கி வைச்சிருக்கிறன். பக்கத்தில அம்புக்குறி போட்டிருக்கு. அது உள்ளுக்குப் பாக்கோணுமோ வெளியப் பாக்கோணுமோ?

ஃபர்னஸ் மணியம் (பிரம்டன்)

நாலிலயும் அம்பு பெட்டிக்கு உள்ளுக்குப் பாக்கோணும். ஃபான் மேல பாத்து ஊதோணும். பூட்டின பிறகு ஃபில்டருக்கு வெளிப்பக்கம் ஒரு டிஷ்யூத் தாளைப் பிடிச்சுப் பாருங்கோ. ஒட்டிப் பிடிச்சா சரி, பறந்து விழுந்தா ஃபானைத் தலைகீழாப் போட்டிருக்கிறியள். ஃபானின்ர நாலு மூலையிலயும் இடைவெளி இருக்கும், அதுக்கு அட்டை வெட்டி ஒட்டுங்கோ, காத்து திரும்பி அதுக்குள்ளாலதான் வரும். ஃபில்டர் சாம்பல் நிறமாப் போனா மாத்துங்கோ, தட்டிப்போட்டுத் திரும்பப் போடாதேங்கோ.

சமையற்கட்டு ராணி (ஸ்காபரோ)

அண்ணை, நாலுக்குப் பதிலா ஒரு ஃபில்டரை ஃபானுக்குப் பின்னால ஒட்டினாக் காணாதோ? விலை ஏறிட்டுது.

ஃபர்னஸ் மணியம் (பிரம்டன்)

சின்ன அறைக்குக் காணும். அம்பு ஃபானைப் பாக்கோணும். மோட்டர் சூடாகுதோ எண்டு தொட்டுத் தொட்டுப் பாருங்கோ.